பதில் வராத மெயில், கேட்கப்படாத வாய்ஸ் மெசேஜ்: ஏற்றுமதி அலுவலகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூரில் கப்பலைத் தவறவிட்டு, கார்ட்டன்களை விமானத்தில் அனுப்ப நேரும்போது, காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், அது தையல் மெஷினிலோ சாயப்பட்டறையிலோ போய் நிற்பதைவிட, பதில் வராத ஒரு மெயிலிலோ யாரும் முழுதாகக் கேட்காத ஒரு வாய்ஸ் மெசேஜிலோ போய் நிற்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மெர்ச்சண்டைசிங் பிரிவில், அதாவது வாங்குபவரின் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து அனுப்பும்வரை கவனிக்கும் பிரிவில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதே பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததிலிருந்து உருவானது இந்த வழிமுறை. எடுத்துக்காட்டுகள் பனியன் தொழிலைச் சேர்ந்தவை என்றாலும், கோவையில் பம்பு செய்கிறவர்களுக்கும் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் பழுது ஒன்றுதான். உங்களுக்கு நேர்ந்திருக்கும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலிலும், ஆளையோ பணத்தையோ கேட்பது கடைசியிலும் இருக்கும்.

## அறிகுறி 1: மெயில் அனுப்பியாயிற்று, பதில் இல்லை

### உண்மையில் போயிற்றா?

முதலில் "சென்ட்" பகுதியைத் திறந்து பாருங்கள். பெரிய இணைப்போடு அனுப்பிய மெயில், இணைய இணைப்பு இடையில் அறுந்ததால் அவுட்பாக்ஸிலேயே நின்றிருக்கும். அங்கிருந்து போயிருந்தால் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் மீதியைக் கணினியே நிரப்பிவிடுவதால், அதே பெயருடைய வேறொருவருக்கோ, வேலையை விட்டுப் போய்விட்ட பழைய ஆளுக்கோ அது போயிருக்கக்கூடும். முகவரியும் சரி என்றால், பையிங் ஹவுஸில் (பையர், அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவர் சார்பில் ஆர்டரைக் கவனிக்கும் நிறுவனத்தில்) உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து, "ஸ்பாம்ல ஒரு தரம் பாருங்க சார்" என்று கேளுங்கள். ஜிமெயிலில் ஸ்பாமில் விழுந்தது 30 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் இதை மாதக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. ஸ்பாமில்தான் கிடந்தது என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

### அங்கே இன்னும் அலுவலகம் திறக்கவில்லையா?

நம்முடைய காலை 10 மணி, கோடைக்காலத்தில் ஜெர்மனிக்கு 6.30, குளிர்காலத்தில் 5.30. நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறும். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் கணக்குத் தவறுவது வழக்கம். அவர்களுடைய ஒரு முழு வேலை நாள் கடந்தும் பதில் இல்லை என்றால் மட்டும் அடுத்த சோதனைக்குப் போங்கள். ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பியர்கள் பலர் நீண்ட விடுப்பில் இருப்பார்கள். தானியங்கிப் பதில் வந்தால் அதை ஒதுக்கிவிடாமல் முழுதாகப் படியுங்கள். அவருக்குப் பதிலாக யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

### படித்துவிட்டார், ஆனால் தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை

பதில் வராத மெயில்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பழுதாகின்றன. எனவே இதற்குச் சற்று நேரம் கொடுங்கள்.

மெயிலை அச்செடுத்து, அந்த ஆர்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து, "இதில் உங்களை என்ன செய்யச் சொல்லியிருக்கிறது, எப்போதைக்குள்?" என்று கேளுங்கள். பத்து நொடிக்குள் அவரால் சொல்ல முடியவில்லை என்றால் பழுது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் முதல் பத்தியில் நலம் விசாரிப்பு இருக்கும், இரண்டாவதில் இதுவரை நடந்த கதை இருக்கும், மூன்றாவதில் சாயப்பட்டறை தாமதித்ததற்கான விளக்கம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, கையொப்பத்துக்குச் சற்று மேலே, "ஒப்புதல் தந்தால் உதவியாக இருக்கும்" என்று தயங்கித் தயங்கி வந்து நிற்கும். வீட்டுக்கு வந்தவரிடம் நேராக விஷயத்துக்கு வராமல், தண்ணீர் கொடுத்து, ஊர் சேதி பேசி, பிறகு கேட்பது நமது பண்பு. அந்தப் பண்பில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரே காலையில் நூறு மெயில் பார்க்கிறவர் முதல் இரண்டு வரிகளைத்தான் உறுதியாகப் படிக்கிறார்.

திருத்தம் எளிது. "சாம்பிள் பற்றி" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, "ஸ்டைல் 4127, நேவி லேப் டிப்: புதன் 10 ஜூனுக்குள் ஒப்புதல் தேவை" என்று எழுதுங்கள். (லேப் டிப் என்பது கலர் ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணி மாதிரி.) மெயிலின் முதல் வரி கேள்வியாகவே இருக்கட்டும்: "கூரியரில் வந்த மூன்று லேப் டிப்களில் எதற்கு ஒப்புதல் என்பதைப் புதன் மாலைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்." இரண்டாவது வரி, அந்த நாள் தவறினால் என்ன ஆகும் என்பது: "புதன் தாண்டினால் துணி சாயத்துக்குப் போவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும், தூத்துக்குடியில் நாம் பதிவு செய்திருக்கும் கப்பலைப் பிடிக்க முடியாது." விளக்கங்கள் எல்லாம் இதற்குக் கீழே வரட்டும். விளைவைச் சொல்வது மிரட்டல் ஆகாது. பையருக்கும் அவர் பக்கத்தில் ஒரு மேலாளர் உண்டு, அவரிடம் அவசரத்தை எடுத்துச் சொல்ல அந்த வரிதான் அவருக்குக் கைகொடுக்கிறது.

### பலருக்குப் போயிற்று, ஒவ்வொருவரும் மற்றவர் பதில் எழுதுவார் என்று இருக்கிறார்கள்

"டு" வரியில் ஐந்து பேர் இருந்தால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. பதில் சொல்ல வேண்டிய ஒருவரை மட்டும் அங்கே வைத்துவிட்டு, தகவலுக்காகத் தெரிய வேண்டியவர்களை "சிசி"க்கு மாற்றுங்கள். இருவர் பதில் சொல்ல வேண்டும் என்றால், யாரிடம் எது கேட்கப்படுகிறது என்று பெயரிட்டு எழுதுங்கள்.

### எல்லாம் சரி, நினைவூட்டியும் பதில் இல்லை

நினைவூட்டலை அதே மெயில் தொடரிலேயே அனுப்புங்கள். புதிய மெயிலாகத் தொடங்கினால் பழைய இணைப்புகள் பிரிந்துவிடும். இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகும் மௌனம் என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு அழையுங்கள். அழைத்தும் கிடைக்காமல், துணி சாயத்துக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கிவிட்டால், அது உங்கள் மட்டத்தில் தீர்கிற காரியம் அல்ல. உங்கள் மெர்ச்சண்டைசிங் மேலாளரிடம் தேதிகளோடு ஒப்படையுங்கள். அவர் பையிங் ஹவுஸின் மேலாளரிடம் பேசுவார். கோபத்தோடு பையரின் மேலதிகாரியைச் சிசியில் சேர்த்து எழுதுவது முதல் முறை பதில் வாங்கித் தரும், ஆனால் அந்த ஆளிடம் அடுத்த பருவம் முழுவதும் வேலை நகராது.

## அறிகுறி 2: பதில் வந்தது, ஆனால் பாதிக்குத்தான், அல்லது வேறு எதற்கோ

ஐந்து கேள்வி கேட்டீர்கள், "ஓகே" என்று ஒரே சொல் வந்தது. அந்த "ஓகே" எதற்கு என்று தெரியாமலே கட்டிங்கைத் தொடங்குவது இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகச் செலவான ஊகம். அன்றே திருப்பி எழுதுங்கள்: "தங்கள் ஒப்புதலை, கழுத்து ரிப் அகலம் 2 சென்டிமீட்டர் என்பதற்கானதாக எடுத்துக்கொள்கிறேன், பிரிண்ட் இடம், லேபிள் இரண்டும் இன்னும் நிலுவையில் உள்ளன." அடுத்த முறை கேள்விகளுக்கு எண் இட்டு, ஒரு வரிக்கு ஒன்றாக, ஆம் இல்லை என்று பதில் சொல்லும் வடிவில் கேளுங்கள். விலை, சாம்பிள், ஷிப்மென்ட் ஆகிய மூன்றையும் ஒரே மெயிலில் கலக்காதீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்கிறவர்கள் பையர் பக்கத்தில் வேறு வேறு ஆட்கள்.

பதில் முழுதாக வந்தும் காரியம் பிசகினால் எண்களைச் சோதியுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. தேதியில் மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள். 1.500 என்று ஜெர்மானியர் எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை அன்று. 1,50,000 என்று நாம் போடும் காற்புள்ளி அவர்களைக் குழப்பும், 150,000 என்று போடுங்கள். அளவுகளில் அங்குலமா சென்டிமீட்டரா, துணியில் கிலோவா மீட்டரா என்பதை ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் எழுதுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அளவு அட்டவணையில் முரண்பாடு தொடர்ந்தால், மெயில் எழுதிக்கொண்டே இருக்காமல் பேட்டர்ன் மாஸ்டரை (ஆடையின் வெட்டு வடிவத்தை உருவாக்குகிறவரை) உட்கார வைத்து வீடியோ அழைப்பில் பேசி முடித்து, முடிவை அன்றே மெயிலில் பதிவு செய்துவிடுங்கள்.

## அறிகுறி 3: மெயில் திரும்பி வருகிறது, அல்லது எதிர்த்தரப்பில் ஸ்பாமில் விழுகிறது

திரும்பி வந்த மெயிலை அழிக்காதீர்கள். அதில் மூன்று எண்கள் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வர் தானே மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. எழுத்துப் பிழை அல்லது ஆள் மாறிவிட்டார். கடைசி இரண்டு எண்களும் 2.2 என்றால் பெறுகிறவரின் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, அவரை அழைத்துச் சொல்லுங்கள். 5.3.4 என்றால் மெயில் அளவுக்கு மீறிப் பெரிது. 5.7 என்று தொடர்ந்தால் பாதுகாப்புக் காரணம்.

அளவுக்கான திருத்தம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி என்றாலும், இணைப்பு போகும் வழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருக்கும். பெறுகிறவரின் சர்வர் அதைவிடக் குறைவாகவும் வரம்பு வைத்திருக்கலாம். சாம்பிள் படங்களைச் சுருக்கி, மொத்தம் 10 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பி, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் அந்த லிங்க் திறக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் லிங்க், அனுப்பாத லிங்க்குக்குச் சமம்.

யாரிடமிருந்தும் மெயிலே வரவில்லை என்றால் உங்கள் பெட்டியைப் பாருங்கள். இலவச ஜிமெயில் கணக்கின் 15 ஜிபி, மெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் பொதுவானது. கைப்பேசியில் எடுத்த சாம்பிள் படங்கள் அதை நிரப்பிவிட்டால் பையரின் மெயில் உள்ளே வர இடம் இருக்காது.

5.7 வருகிறது, அல்லது பல பையர்களிடம் ஒரே நேரத்தில் ஸ்பாமில் விழுகிறது என்றால், இங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் சொந்தப் பெயரில் உள்ள முகவரிகளுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள் (மெயில் உண்மையில் உங்கள் நிறுவனத்திலிருந்துதான் வருகிறது என்று பெறுகிற சர்வருக்குக் காட்டுபவை) சரியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிற எவருக்கும் முதல் இரண்டில் ஒன்றையாவது கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. இவற்றைத் தெரியாமல் தொட்டால் நிறுவனத்தின் எல்லா மெயிலும் நின்றுபோகும். உங்கள் இணையதளத்தையும் மெயிலையும் அமைத்துக் கொடுத்தவரை அழைத்து, திரும்பி வந்த மெயிலை அப்படியே அவரிடம் கொடுங்கள். தெரிந்தவருக்கு இது சிறிய வேலை.

## அறிகுறி 4: வாய்ஸ் மெசேஜ் போயிற்று, வேலை நடக்கவில்லை அல்லது தவறாக நடந்தது

வாய்ஸ் மெசேஜைத் தாழ்வாக நினைக்கும் மேலாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாயப்பட்டறை மாஸ்டருக்கும் நிட்டிங் ஒப்பந்தக்காரருக்கும் ஆங்கில மெயிலைவிட நம்முடைய பேச்சிலேயே போகிற ஒரு வாய்ஸ் மெசேஜ் வேகமாகவும் மரியாதையாகவும் போய்ச் சேரும். அதை எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் பழுது வருகிறது.

### கேட்கவே இல்லையா?

வாட்ஸ்அப்பில் அவர் கேட்டிருந்தால் நீங்கள் அனுப்பியதில் உள்ள மைக் அடையாளம் நீலமாகும். நீலமாகவில்லை என்றால் எடுத்தவுடன் அழைத்துக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் மெஷின்களுக்கு நடுவே நிற்கிறார், கேட்பதற்கு வெளியே வர வேண்டும். அந்த மெசேஜுக்கு அடியில் எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: "4127 நேவி, துணி வெள்ளிக்கிழமை வேணும், வாய்ஸ் கேளுங்கண்ணா." இந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவர் வெளியே வருவார். நீளத்தையும் பாருங்கள். மூன்று நிமிட மெசேஜை வேலை நேரத்தில் யாராலும் முழுதாகக் கேட்க முடியாது. முக்கால் நிமிடத்துக்கு மேல் போகிறது என்றால் நீங்கள் பேச வேண்டியது தொலைபேசியில்.

### கேட்டார், ஆனால் தவறாகக் கேட்டார்

இதற்கு முதல் காரணம் எண்களும் எழுத்துகளும். மெஷின் இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலவே கேட்கும். 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று சொன்னது 180 ஆகப் பின்னப்படும். லேப் டிப்களுக்கு நாம் இடும் ஏ, பி, சி, டி என்ற பெயர்களில் பின்னைய மூன்றும் கைப்பேசியில் பிரித்தறிய முடியாதவை. "பாம்பே பி", "டெல்லி டி" என்று சொல்லுங்கள். அதோடு எண், எழுத்து, தேதி ஆகிய மூன்றையும் எழுத்திலும் போடுங்கள். காரணத்தையும் வேண்டுகோளையும் குரல் தாங்கும், எண்ணை எழுத்துதான் தாங்கும்.

இரண்டாவது காரணம், ஒரே மெசேஜில் மூன்று ஆர்டர். ஒரு ஆர்டருக்கு ஒரு மெசேஜ் என்று பிரித்துவிடுங்கள். அதுவும் இப்படி இருக்கட்டும்:

"அண்ணா, வணக்கமுங்க. 4127 ஆர்டர், நேவி கலருங்க. லேப் டிப்புல பாம்பே பி ஓகே ஆயிருச்சுங்க. மத்த ரெண்டும் வேண்டாமுங்க. வெள்ளிக்கிழமை காத்தால துணி வேணுமுங்க. கேட்டுட்டு, எந்த லேப் டிப்பு, என்னைக்குன்னு ஒரு வரி போட்டுருங்கண்ணா."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "சரிங்க" என்று வரும் பதில், கேட்டேன் என்பதற்கு மட்டுமே சான்று. புரிந்தது என்பதற்குச் சான்று, அவர் தம் வாயாலோ விரலாலோ அதையே திருப்பிச் சொல்வதுதான். வயதில் மூத்த மாஸ்டரிடம் இப்படிக் கேட்கத் தயக்கமாக இருந்தால், "எங்க ஆபீஸ்ல எழுத்துல கேக்குறாங்கண்ணா" என்று சொல்லுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

### தவறான கலரில் துணிக்குச் சாயம் ஏற்றியாகிவிட்டது

மெசேஜ்களை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். லாட்டை (ஒன்றாகச் சாயமேற்றும் அந்தத் துணித் தொகுதியை) நிறுத்தச் சொல்லி அழைத்துவிட்டு, துணிக்குப் பொறுப்பானவரை வண்டியில் பட்டறைக்கே அனுப்புங்கள். அதைச் சரிசெய்ய முடியுமா, கருமையான வேறு கலருக்கு ஏற்ற முடியுமா என்பதை நேரில் துணியைப் பார்க்கும் சாயத் தொழில்நுட்பரே சொல்ல வேண்டும். யார் தவறு என்ற பேச்சு துணிப் பிரச்சினை தீர்ந்த பிறகு நடக்கட்டும்.

## அறிகுறி 5: பையரை அழைத்தால் வாய்ஸ்மெயில்தான் எடுக்கிறது

அழைப்பை எடுக்காதபோது நம் பேச்சைப் பதிவு செய்துகொள்ளும் இந்த வசதியை நம் ஊரில் யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் "பீப்" ஒலி கேட்டதும் பலரும் வைத்துவிடுகிறார்கள். அழைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் பயம் போய்விடும். பெயர், நிறுவனம், திருப்பூர் என்ற ஊர், உடனே 91 என்ற நாட்டு எண்ணோடு தொலைபேசி எண், ஸ்டைல் எண், ஒரே ஒரு வேண்டுகோள், அவர்களுடைய நேரப்படி நீங்கள் எந்த மணிக்குக் கிடைப்பீர்கள், மீண்டும் தொலைபேசி எண். இரண்டு இரண்டு இலக்கமாக நிறுத்திச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறவரின் கை உங்கள் வாயைவிட மெதுவானது. அரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, அதே செய்தியை மெயிலிலும் அனுப்புங்கள். பெட்டி நிறைந்திருக்கிறது என்று குரல் வந்தால் அங்கே முயல்வதை விட்டுவிட்டு பையிங் ஹவுஸ் வழியாகப் போங்கள்.

## அறிகுறி 6: ஒப்புதல் வந்ததாக நினைவு, தேடினால் இல்லை

ஸ்டைல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தத் தேதியில் வந்த இணைப்புள்ள மெயில்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், மெசேஜ்கள் தானாக மறையும் வசதி அந்த உரையாடலில் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கப்படுவது. ஆர்டர் முடியும்வரை அது அணைந்தே இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் சொந்த மெயிலிலோ கைப்பேசியிலோ ஒப்புதல் இருக்கிறது என்றால், அவரை மரியாதையாக அழைத்துக் கேட்பதைத் தவிர வழியில்லை. இனிமேல் ஒவ்வொரு பையருக்கும் நிறுவனத்தின் பொது முகவரி ஒன்று சிசியில் இருக்கட்டும். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஒப்புதலை அன்று மாலைக்குள், "இன்று தாங்கள் தெரிவித்தபடி" என்று தொடங்கி மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 7: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது, அல்லது நீங்கள் அனுப்பியதாக பையர் சொல்கிறார்

இங்கே எளிய காரணத்திலிருந்து தொடங்கும் வரிசையைக் கைவிடுங்கள். மோசடி என்றே வைத்துக்கொண்டு, பணம் போவதை முதலில் நிறுத்துங்கள். மெயில் போக்குவரத்தை வாரக்கணக்கில் மறைந்திருந்து படிக்கிற மோசடிக்காரர்கள், இன்வாய்ஸ் அனுப்பப்படும் சமயம் பார்த்து, உங்கள் நடையிலேயே, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து கணக்கு எண்ணை மாற்றி எழுதுவார்கள். அந்த மெயிலுக்குப் பதில் எழுதிச் சரிபார்க்காதீர்கள். அதில் உள்ள தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்கள். பழைய ஃபைலில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, உங்களுக்குக் குரல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் மணிக்கணக்கு முக்கியம். அனுப்பியவர் தம் வங்கியிடம் உடனே சொல்லி, பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை எழுப்ப வேண்டும். பையர் வெளிநாட்டில் இருந்தால் அதை அவருடைய வங்கிதான் செய்ய முடியும், ஆகவே இரவென்றாலும் அவரை எழுப்புங்கள். இங்கிருந்து போன பணமாக இருந்தால் 1930 என்ற உதவி எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அதே நேரத்தில் கணினி தெரிந்தவர் ஒருவர் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, மெயில் அமைப்பில் உங்களுக்குத் தெரியாத முகவரிக்கு நகல் போகும்படி விதி எதுவும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றி அந்த விதியை விட்டுவிட்டால், அவர்கள் தொடர்ந்து படித்துக்கொண்டே இருப்பார்கள்.

இதற்கிடையில் எந்த மெயிலையும் அழிக்க வேண்டாம், கைப்பேசியை மாற்றவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக வைக்கும்போது உடன் தர வேண்டிய சான்றிதழைப் பற்றிச் சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், மூல மெயிலையும் அது வந்த கணக்கையும் கருவியையும் தொடாமல் வைத்திருந்து, வழக்கறிஞர் வந்து பார்த்த பிறகே அடுத்ததைச் செய்யுங்கள்.